மூன்று பேர் என்று வேண்டிக்கொண்டது

1974 ஆடி 2, வியாழன்

கச்சான் காற்று. கூரைத் தகரம் ஓயாமல் அடித்துக்கொண்டது. அவர் ஏறி இன்னும் இரண்டு கல் தூக்கி வைத்தார். கூப்பனுக்குக் கொடுக்கும் மாவு இந்தக் கிழமையும் இல்லை. மரவள்ளி அவித்தேன். நெஞ்சைக் கரித்தது.

மாமி கதிர்காமத்துக்கு நடக்கும்போது கொண்டுபோகும் பையை இறக்கித் தூசி தட்டினார். உள்ளே வைத்தது: விபூதி, கற்பூரம், அவல், கருப்பட்டி, அவர் வேட்டி, என் மஞ்சள் சேலை. சேலையை என்னிடம் கேட்கவில்லை.

எனக்கு எட்டாம் மாதம். புத்தல வரைக்கும் பஸ். அங்கிருந்து காடு, கால்நடையாகத்தான். யானை. குடிக்கத் தண்ணீர் இல்லாத இடம். மரத்தடியில் படுக்கை. போன வருஷம் போய் வந்தவர்கள் சொன்னது.

போகமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆடி 3, வெள்ளி

சாமி விளக்கடியில் மஞ்சள் துணி முடிச்சு அப்படியே தொங்குகிறது. பார்க்காமல் விளக்கேற்றினேன்.

போன ஐப்பசியில் அவர் கட்டிய நேர்த்தி முடிச்சு. அன்றைக்கு மகள் செல்வியைத் தோட்டத்தில் பிள்ளை பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனேன். சாயந்தரம் தூக்கினால் உடம்பு கொதிக்கிறது. அவர் காசை முடிந்து வைத்து, "முருகா, புள்ளைய குடு. வர்ற ஆடிக்கு மூனு பேரும் நடந்தே வர்றோம்" என்றார்.

சாமி கொடுக்கவில்லை. இரண்டு வயது. ஆற்றுக்கு மேலே மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.

அடுத்த மாதமே எனக்குத் தள்ளிப்போனது. அதிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: செல்விதான் திரும்பி வருகிறாள், சாமி கொடுத்துவிட்டது, நாம் நடக்க வேண்டியதுதான் பாக்கி. மாமி என் வயிற்றைத் தடவி "செல்விக்குட்டி" என்கிறார். கை பட்டால் கூசுகிறது.

செல்வியின் பச்சைச் சட்டை ட்ரங்குப் பெட்டியில். துவைக்கவில்லை. கழுத்துப் பக்கம் இன்னும் அவள் வாசம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு முதலில் அதைத்தான் போட வேண்டுமாம். மாமி சொல்லிவிட்டார்.

ஆடி 4, சனி

காற்று. கண்ணெல்லாம் மண்.

மருத்துவச்சி அம்மா எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். "காட்டுக்குள்ள வலி எடுத்தா யாரு புள்ள பாப்பா, யானையா?" என்று சத்தம் போட்டார். அவர் மலை வேலையிலிருந்து வந்து வாசலில் நின்றதும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. சாமி காரியம், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அடுத்த காம்பரா காளியம்மாக்கா. "காட்டுல பெத்தா நல்லதுதான்டி. கதிர்வேலுன்னு பேரு வச்சுரலாம். பேருக்கு அலையவேணாம்." சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு. குடம் நிறைந்ததும் அக்கா மெதுவாக, "போகாம இருந்து ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா ஒன்னையதான் சொல்லுவாக, பாத்துக்க" என்றது.

அதுதான். போனால் பயம். போகாவிட்டாலும் பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

சோறு போடும்போது கேட்டேன், நான் வீட்டிலேயே இருக்கட்டுங்களா என்று. அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கே செல்விய தூக்கிட்டு சாமிகிட்ட நடந்திருந்தா பொழைச்சிருக்கும்" என்றார்.  பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

அவரும் அழுகிறார். பீலியடியில், முகம் கழுவுகிற மாதிரி.

ஆடி 7, செவ்வாய்

இன்று தோட்டக் கோயிலில் காப்புக் கட்டு. காலையிலேயே தலை முழுக வைத்தார்கள். மஞ்சள் சேலை வயிற்றுக்குச் சுற்றவில்லை. மாமி ஊக்குக் குத்திவிட்டார்.

காப்பு கட்டினால் கதிர்காமத்து மாணிக்க கங்கையில் முழுகித்தான் கழற்ற வேண்டும். பாதியில் திரும்பக் கூடாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் வரிசையில் நின்றேன். கையில் வெற்றிலை.

கூட்டிப்போகிறவர் பெரியசாமி கங்காணி. ஒவ்வொரு வீட்டுக்கும் காப்புக் கட்டி, கடைசி முடிச்சுக்குப் பேரெல்லாம் கேட்டுச் சாமியிடம் சொல்கிறார்; ஆணுக்கு வலது கை, பெண்ணுக்கு இடது கை. அவருக்குக் கட்டியாயிற்று. நான் இடது கையை நீட்டிவிட்டேன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் பட்டது. ஈரம்.

"எத்தன பேரு சாமி? பேரச் சொல்லுங்க."

அவர் சொன்னார். தன் பேர், என் பேர். பிறகு, "செல்வி."

கையை இழுத்துக்கொண்டேன். எப்படி என்று தெரியாது. கயிறு கீழே விழுந்தது.

"செல்வி இல்லைங்க. செல்வி செத்துப்போச்சு. இது வேற புள்ள."

என் குரல்தான்.  கங்காணி கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றித் தட்டில் வைத்தார். கட்டாயம் இல்லை தாயே என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குத் தனியாக நடந்தேன்.

ஆடி 8, புதன்

மாமி தனக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டார். மத்தியானம் சுவரைப் பார்த்து, "கோயில்ல வச்சு என் மகன் மானத்த வாங்கிட்டா" என்றார்.

வயிறு அடிக்கடி இறுகுகிறது. இறுகும்போதெல்லாம், சாமி பாக்கியைக் கேட்க வந்துவிட்டதோ என்று பயம். இனி பிறக்கும்வரை இப்படித்தான். சின்னதாக ஒரு வலி வந்தாலும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவர் பின்னேரம் முழுக்க விறகு வெட்டினார். அடுப்புக்கு மேலே பரண் நிறைய அடுக்கினார். இவ்வளவு எதற்கு என்று கேட்கவில்லை. கையில் காப்பு.

ஆடி 10, வெள்ளி

காற்று கொஞ்சம் அடக்கம். அரோகரா சத்தம் கீழ் ரோட்டில் பசறைப் பக்கம் போய்த் தேய்ந்தது. அவர் புறப்படும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், ஏதோ சாமியைக் கும்பிடுகிற மாதிரி. நானும் கும்பிட்டேன்.

பிறகு பெட்டியைத் திறந்தேன். பச்சைச் சட்டை இல்லை. துணியெல்லாம் உதறினேன். மாமிதான் ஒளித்துவிட்டார் என்று நினைத்து முதல் தடவையாகச் சத்தம் போட்டேன்.

மாமி கதவடியில் உட்கார்ந்தார். "அவன்தான்டி மடியில வச்சுக் கட்டிக்கிட்டான். ரெண்டு பேராச்சும் போறோம் ஆத்தான்னான்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வயிற்றைத் தொட்டார். பேர் சொல்லவில்லை.

மாணிக்க கங்கையில் முழுகுவார். மடியில் இருக்கிற சட்டையை எடுத்துக் கரையில் வைத்துவிட்டு இறங்க வேண்டும். நனைச்சுடாதீங்க, அவ வாசம் போயிடும் என்று சொல்லி அனுப்ப ஆள் இல்லை.