நீங்கள் உதைக்காமல் விட்ட பந்து

கோச்,

இன்று எட்மண்டனில் ஒரு காய்கறிக் கடை வாசலில் ஈரப்பலாக்காய் குவித்திருந்தார்கள். ஒன்றைத் தூக்கி மணந்து பார்த்தேன். நெருப்பில் சுட்டுத் தின்ன வேண்டிய சாமானை நாங்கள் தேங்காய்ப்பால் விட்டுக் கெடுக்கிறோம் என்று நீங்கள் என்னோடு சண்டை பிடிப்பீர்கள். உங்கள் கிரெனடாத் தீவிலும் எங்கள் நாட்டிலும் ஒரே காய்தான் காய்க்கிறது என்று கண்டுபிடித்த அன்றுதான் நாம் உண்மையில் சிநேகிதரானோம் என்று நினைக்கிறேன். கடைக்காரர் நம்மவர். "கவுன்சிலர், நல்ல காய், எடுங்கோவன்" என்றார். அந்தப் பட்டத்தைக் கேட்டதும் காயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தம்பி, ஓம், சாப்பிட்டாச்சோ என்ற மூன்றை வைத்துக்கொண்டே எங்கள் பெடியள் எல்லோரையும் சமாளித்தவர் நீங்கள். வாசிக்கத் தெரியாத ஆளுக்கு, அதுவும் போன மாரியில் மண்ணுக்குள் போய்விட்ட ஆளுக்கு இப்படி எழுதுவது கோழைத்தனம் என்று எனக்கும் தெரியும். உங்கள் மனைவிக்கு ஆங்கிலத்தில் எழுதலாம்தான். அவர் பதில் எழுதிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது.

நான் வந்த புதிதில் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். ஞாயிறு காலை வேலை முடிந்து அறைக்குப் போகப் பிடிக்காமல் உங்கள் உதைபந்துக் கழகத்து மைதான ஓரத்தில் நிற்பேன். ஒரு நாள் உங்கள் கோல் காப்பாளர் வரவில்லை. என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, கோலுக்குள் நிற்பாயா என்று கேட்டீர்கள். வேலைச் சப்பாத்தோடு நின்றேன். பந்து போன பக்கமெல்லாம் விழுந்தேன், ஒன்றையும் பிடிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கழகத்து மரக் கொட்டகையில் உங்கள் மனைவி பீன்ஸ் போட்ட சோறும் கோழியும் தந்தார். விசா என்னாச்சு என்று என்னைக் கேட்காத முதல் இடம் அந்தக் கொட்டகைதான்.

உங்கள் தலைமுறை இங்கே வந்தபோது மற்றக் கழகங்கள் உங்களை உள்ளே எடுக்கவில்லை. ஆகவே கரீபியன் தீவுக்காரர் சேர்ந்து சொந்தமாக ஒன்றைத் தொடங்கினீர்கள். நிலம் உள்ளூராட்சிக் கவுன்சிலுடையது. விளக்குப் போடவும் கவுன்சில், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டவும் கவுன்சில். அப்படித்தான் உதைபந்துக்குள் அரசியல் வந்தது. தேர்தலுக்கு நிற்கிற எவரும் உங்கள் கொட்டகைக்கு வராமல் வெல்ல ஏலாது என்று ஆகியது. வந்தவர்களை நீங்கள் பேச விட்டதில்லை. எந்தக் கட்சியானாலும் கோலுக்குள் நிற்க வேண்டும். கழகத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் சொன்ன பிறகுதான் உதைப்பார்கள். மேடையில் நிற்பவனுக்குப் பொய் சொல்ல வசதி, கோலுக்குள் நிற்பவனுக்கு அதற்கு நேரமில்லை என்பீர்கள்.

உங்களுக்கும் அந்தக் கவுன்சிலர் கதிரையில் ஆசை இருந்தது. வெளியே சொன்னதில்லை, ஆனால் கழகத்தில் தெரியாதவர் இல்லை. கட்சிக்காக மழையிலும் குளிரிலும் வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் போட்டவர் நீங்கள். ஒவ்வொரு தடவையும் அடுத்த முறை பார்ப்போம் என்று முதுகில் தட்டி அனுப்புவார்கள். கடைசியில் பழைய கவுன்சிலர் வயதாகி விலகினார். இனி கோச்சின் முறை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

அந்த வாரம் கட்சிக்காரர் ஒருவர் எனக்குப் போன் பண்ணினார். வட்டாரத்தில் இப்போது தமிழ் வீடுகள் கூடிவிட்டன, நீர் நின்றால் என்ன என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைக்கும் முன்பே யோசித்து முடித்துவிட்டேன்.

"கோச்சிட்ட ஒரு சொல் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ. அந்தாள் உங்களைக் கூடப்பிறந்தவன் மாதிரிப் பாத்தவர்" என்றாள் என் மனைவி. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். ஞாயிறுகள் வந்து போயின. கடைசியில் உங்களிடம் சொன்னது வேறு கதை. கட்சி விதிப்படி இரண்டு பெயராவது இருக்க வேண்டுமாம், இடத்தை நிரப்பத்தான் என் பெயரைக் கொடுத்தேன் என்றேன். நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள்.

வேட்பாளரைத் தெரிவுசெய்வது கட்சியின் உறுப்பினர்கள். எங்கள் ஆட்களை அதற்குச் சேர்ப்பது கலியாணத்துக்குச் சொல்வது மாதிரி. மச்சானுக்குச் சொன்னால் போதும், சகலன், சித்தப்பா, கோயில் ஆட்கள் என்று அது தானாகப் போகும். வேட்பாளர் தெரிவுக் கூட்டத்துக்கு முதலே எல்லோரையும் உறுப்பினராக்கி வைத்திருந்தேன். கூட்டம் உங்கள் கொட்டகையில்தான் நடந்தது, கட்சிக்கு அதை எப்போதும் சும்மா கொடுப்பீர்கள். எங்கள் சனம் வேன்களில் வந்து இறங்கியது. கதிரை காணாது என்று நீங்களே உள்ளே போய் மடக்குக் கதிரைகளைத் தூக்கி வந்தீர்கள். முகம் முழுக்கச் சிரிப்பு. நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னது எங்கள் பேச்சாகத்தான் என் காதில் இருக்கிறது.

"பாத்தியா தம்பி, உன்ரை ஆக்கள் எனக்காக வந்திருக்கினம்."

நான் ஓம் என்று தலையாட்டினேன், கோச்.

பிறகு கைகள் உயர்ந்தன. ஒரு கையில் உங்கள் வீட்டுப் பெண்கள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி, மற்றக் கை எனக்கு. நீங்கள் அந்தக் கைகளைக் கடைசி வரிசை வரை பார்த்தீர்கள். முதலில் வந்து என் கையைக் குலுக்கியவரும் நீங்கள்தான். எங்கள் ஆட்கள் கோப்பைகளைக் கதிரைகளிலேயே வைத்துவிட்டு வேன் ஏறினார்கள். உங்கள் பெண்கள் அவற்றைப் பொறுக்கிக் கழுவினார்கள்.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு வழக்கம்போல வேட்பாளர்கள் கோலுக்குள் நின்றோம். என் முறை வந்தது. குப்பை, வாடகை, பஸ் என்று கேட்டார்கள், சொன்னேன், உதைத்தார்கள். எல்லோரும் முடித்த பிறகு, முழங்கால் நோவோடு நீங்கள் நடந்து வந்து பந்தைப் புள்ளியில் வைத்தீர்கள்.

"தம்பி, உனக்கு வேணும் எண்டு என்னட்டைக் கேட்டிருந்தால் நான் தந்திருக்க மாட்டனோ?"

சத்தமாகக் கூடக் கேட்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை. மழை தூறியது. நீங்கள் பொறுமையாக நின்றீர்கள். பதில் இல்லாமல் உதைப்பதில்லை என்பது நீங்களே போட்ட சட்டம். பிறகு பந்தைக் குனிந்து எடுத்துக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டீர்கள்.

திட்டியிருந்தால் நான் தப்பியிருப்பேன். நீங்களோ அடுத்த நாளே என் முகம் போட்ட துண்டுப்பிரசுரங்களைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினீர்கள். நல்ல பெடியன், போடுங்கோ என்று கதவு கதவாகச் சொன்னீர்களாம். நான் வென்றேன். அதற்குப் பிறகும் கதைத்தோம், சிரித்தோம். ஆனால் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் என்னோடு சண்டை பிடிப்பது நின்றுவிட்டது. அது எனக்கு விளங்கியது, விளங்காத மாதிரி இருந்துகொண்டேன்.

உங்கள் இறுதிப் பூசையில் கவுன்சிலர் என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உங்கள் சேவையைப் பற்றி அழகாகப் பேசினேன், பலர் அழுதார்கள். வெளியே வந்தபோது உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் போட்டிருக்கிற சூட்டைப் பார்த்தாயா, கவுன்சிலுக்குப் போகிற முதல் நாளுக்கென்று வாங்கி வைத்தது, இன்றைக்குத்தான் போட்டார் என்றார். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தெரிந்த ஒருவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப் போகலாம் போல இருந்தது.

அந்தக் கேள்வியை இவ்வளவு காலமும் சுமந்து திரிகிறேன். பதில் தெரியாமல் அன்று வாயடைத்து நிற்கவில்லை, கோச். கேட்டிருந்தால் நீங்கள் தந்திருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து படுக்க இடம், போட உடுப்பு, வேலை, நீங்கள் நிற்க விட்ட கோல், எல்லாமே யாராவது இரங்கித் தந்ததுதான். எனக்கு நன்றி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒன்றையாவது யாரிடமும் வாங்காமல் நானே எடுக்க வேண்டும் என்று வெறியாக இருந்தது. எடுத்தேன். எனக்கு எல்லாரிலும் கூடுதலாகத் தந்த ஆளிடமிருந்து எடுத்தேன்.

பதில் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் உதைக்கலாம்.