திரையோரத்துப் பிறை

ஜனவரி 7

அவர் போய், நான் இத்தாவில் இருக்கத் தொடங்கி இன்றோடு மூன்று மாதம். இன்னும் ஒரு மாதமும் பத்து நாளும் வாசற்படி தாண்டக் கூடாது. பிறைக் கணக்கில் எண்ணிக்கொண்டு வருவதால் தேதி எனக்குத் தப்பாது. இன்று ரஜப் ஆறு.

மகன் அஸ்ஃபாக் சார்ஜாவிலிருந்து நச்சரித்தான். "அத்தாவோட ஃபோட்டோ எல்லாம் அதுலதாம்மா இருக்கு, தொறந்து பாருங்க." அவர் போனபின் இன்றுதான் அவருடைய கணினியைத் திறந்தேன். திரையின் மேல்மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்தக் குட்டிப் பிறையும் தேதியும். ஆப்லெட் என்பார். 'உங்க பொம்மை' என்பேன் நான்.

ரஜப் 7 என்கிறது. தவறு. அவர் இருந்தவரை அது ஒருநாளும் தப்பாகக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் நான் விட்டிருப்பேனா?

ஜனவரி 8

பிறையைத் தொட்டால் 'பிழை தெரிவிக்க' என்று ஒன்று வருகிறது. தெரிவித்தேன். ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கம். புகார்க் கடிதத்தில் கோபம் இருக்கலாம், பிழை இருக்கக் கூடாது என்று திருச்சி கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தது மறக்கவில்லை. 'பொறுப்பில்லாதவர்கள்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன்.

மருமகள் மர்ஜியா எட்டிப் பார்த்தாள். "யாருக்கு மாமி இவ்ளோ நீளமா?"

"கம்பெனிக்கு."

"அது சும்மா கெடைக்கிறது மாமி. கம்பெனியும் கெடையாது ஒண்ணும் கெடையாது. யாரு பதில் போடப் போறா?"

"சும்மா கொடுத்தா தப்பா கொடுக்கலாமா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஜனவரி 10

பதில் வந்துவிட்டது. போஸ்னியா நாட்டில் அத்னான் என்று ஒருவர். அப்படியே தமிழில் இங்கே எழுதி வைக்கிறேன்.

'அம்மையீர், இந்த ஆப்லெட்டுக்கு வானம் தெரியாது. கணக்குப் போட்டு ஒரு தேதியைக் காட்டும், அவ்வளவுதான். பிறை ஊருக்கு ஊர் முன்பின்னாகத் தெரிவதால், ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் மாதாமாதம் எழுதித் தெரிவிக்கிறார், நான் திருத்துகிறேன். நான் கம்பெனி இல்லை. பல் வைத்தியர். ஓய்வு நேரத்தில் செய்கிறேன். தென்னிந்தியாவுக்கு ஒன்பது ஆண்டுகளாகத் திரு. ஹபிபுல்லா எழுதிவந்தார். அக்டோபரிலிருந்து எழுதவில்லை. ரமலானுக்குள் வேறு யாரும் வராவிட்டால் தென்னிந்தியாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். தப்பான தேதியில் ஜனங்கள் நோன்பு பிடிப்பதைவிட அது மேல். உங்கள் கடிதம் அவர் முகவரியிலிருந்தே வந்திருக்கிறது. அவர் நலமா?'

ஜனவரி 11

கணினியைத் திறக்கவில்லை.

ஜனவரி 13

அத்னான் அந்தப் பட்டியலையும் அனுப்பியிருந்தார். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம். நூற்றுச் சொச்சம் மாதங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அவருடைய குறிப்பு.

பிறை இருபத்தொன்பது ஆனால், அடுத்த மாதப் பிறை தெரிகிறதா என்று பார்க்க மாலையில் மாடியிலிருந்து குரல் கொடுப்பார். தெரியாவிட்டால் அந்த மாதத்துக்கு முப்பது நாள். "ஹஃபீசா, என் கண்ணு புரையோடிப் போச்சு, நீ வந்து பாரு." அடுப்பை அணைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறுவேன். பார்த்துச் சொல்வேன். உடனே கீழே இறங்கிவிடுவார். தேநீருக்கு அவசரம் என்று நினைத்தேன்.

பட்டியலில் எழுதியிருக்கிறார்: 'வானம் தெளிவு. தென்னை மட்டத்துக்குச் சற்று மேலே. சாட்சி என் மனைவி. ஜமாஅத்தும் அறிவித்தது.'

இன்னொரு மாதம்: 'மேகம். மனைவி பார்க்கவில்லை என்கிறாள். பக்கத்து வீட்டார் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஜமாஅத் அறிவிப்புக்குக் காத்திருக்கிறேன்.'

கீழே, அரைமணி கழித்து: 'அவள் சொன்னதே சரி.'

ஒன்பது வருடம். என்னிடம் ஒரு வார்த்தை... ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பொம்மைன்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சேனே. சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?

ஜனவரி 17

அத்னானுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். 'என் கணவர்' என்று தொடங்கி, அடுத்த சொல் வரவில்லை. ஊருக்கே அஸ்ஃபாக்தான் சொன்னான். நான் இதுவரை யாருக்கும் அதை எழுதியதில்லை.

ஜனவரி 18

ஐந்து தடவை எழுதி அழித்தேன். முடியல.

ஜனவரி 20

அனுப்பிவிட்டேன். மூன்றே வாக்கியம். 'திரு. ஹபிபுல்லா அக்டோபர் மாதம் காலமானார். நான் அவர் மனைவி. பொறுப்பில்லாதவர்கள் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.'

மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

ஜனவரி 21

அவருக்காக இறைவனிடம் துஆ செய்து எழுதியிருக்கிறார் அத்னான். கடைசியில்: 'அவர் சொல்லும் சாட்சி நீங்கள்தானே?'

பதில் போடவில்லை.

ஜனவரி 30

இன்று ரஜப் இருபத்தொன்பது. "மாடிக்கு வரீங்களா மாமி?" என்று மர்ஜியா கேட்டாள். முழங்கால் வலி என்றேன். பொய். மேலே போனால் யார் கூப்பிட்டுப் போனதாக இருக்கும்?

பிப்ரவரி 6

வால்பாறையிலிருந்து ஒருவர் எழுதியதை அத்னான் எனக்கு அனுப்பியிருக்கிறார். எஸ்டேட் வேலை. பக்கத்தில் பள்ளிவாசல் கிடையாது. பாதி நாள் மூடுபனி. ஃபோனில் ஆளுக்கொரு செய்தி. இந்தப் பிறையை நம்பித்தான் ஐந்து வருடமாக நோன்பு வைக்கிறாராம். 'ஏன் இப்போது தப்பாகக் காட்டுகிறது?' என்று கேட்டிருக்கிறார். என்னைப் போல ஒன்றரைப் பக்கம் திட்டவில்லை. நல்ல மனுஷர்.

பிப்ரவரி 15

இத்தா முடிந்தது. அஸ்ஃபாக் ஃபோனில், "அம்மா, கார் சொல்லட்டுமா? பெரம்பலூர் வரைக்கும் ஒரு நட போயிட்டு வாங்க. வூட்டுக்குள்ளயே கெடந்துட்டீங்க."

"பெரம்பலூர்ல எனக்கு என்ன வேலை?"

மாடிக்குப் போனேன். பதினேழு படி. இரண்டு இடத்தில் நின்றேன். மேற்குப் பக்கம் யாரோ புதிதாகத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் மறைக்காது.

இறங்கிவந்து அத்னானுக்கு எழுதினேன்: 'தென்னிந்தியாவை எடுக்க வேண்டாம்.'

பிப்ரவரி 28

ஷஃபான் இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் நாளை ரமலான். சூரியன் விழுவதற்கு முன்பே ஏறிவிட்டோம். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

"மாமி! அதோ! வெள்ளக் கோடு!"

"அது ஃப்ளைட்டு போன புகைடீ."

"இல்ல மாமி, வளைஞ்சு இருக்கு."

"காத்துல வளையும். பொறு."

பொறுத்தோம். கலைந்துபோனது. இருட்டும்வரை நின்றுவிட்டுக் கீழே வந்தோம். எட்டரை மணிக்கு அஸ்ஃபாக் ஃபோன்: "இங்க பார்த்துட்டாங்கம்மா, நாளைக்கு நோன்பு! ரமலான் முபாரக்!"

"உனக்கு முபாரக். எனக்கு இன்னும் இல்ல."

"அட, ஒரு நாள்ல என்னம்மா? எங்களோட சேர்ந்தே புடிங்களேன்."

"நான் பார்க்கல அஸ்ஃபாக்."

ஃபோனை வைத்தேன். என் கண் பொய் சொல்கிறதோ என்றும் ஒரு பயம் வந்தது, எழுபத்திரண்டு வயது. அறிவிப்பு வரட்டும் என்று கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: எங்கும் பிறை தெரிந்ததாகத் தகவல் இல்லை, ஷஃபான் முப்பது.

எழுதினேன்: 'வானம் தெளிவு. பார்க்கவில்லை. ஜமாஅத்தும் இல்லை என்று அறிவித்தது. முப்பது.' ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. அனுப்பினேன்.

மார்ச் 1

காலையில் முதல் வேலையாகக் கணினியைத் திறந்தேன். மூலையில் ஷஃபான் 30.

மூன்று இட்லி சாப்பிட்டேன். வால்பாறையிலும் இந்நேரம் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

மாதம் முப்பதைத் தாண்டாது; முப்பது நிறைந்துவிடுவதால் இன்று பிறை தேட வேண்டிய அவசியமில்லை. யாருக்கும் எழுதவும் வேண்டாம். இருந்தாலும் மாலையில் போவேன். இன்றைக்குக் கட்டாயம் தெரியும்.