வயர் பிடித்த கை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? என் பாப்பாவுக்குச் சளி நின்றதா?

நான் பாடம் எடுக்கும் பாலிடெக்னிக் பிள்ளைகள் தண்ணீருக்குள் ஓடும் சின்ன இயந்திரம் ஒன்றைத் தாங்களே செய்திருக்கிறார்கள். பிவிசி குழாய்தான் உடம்பு, முன்னால் ஒரு கேமரா. நாளை போட்டி என்பதால் இன்று குருவிநத்தத்தில் ஒரு பாசனக் கிணற்றில் இறக்கிப் பார்த்தோம். நான் மேலே நின்று அதன் வயரைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். பயப்படாதீர்கள்.

பாதி ஆழத்தில் அது நின்றுவிட்டது. மோட்டார் எரிந்துவிட்டதென்று பிள்ளைகளில் ஒருவனான புகழ்வேந்தனுக்கு அழுகையே வந்துவிட்டது. சரண்யா மட்டும் என் கையைப் பார்த்தாள்.

"இன்னா மிஸ், இப்டி இறுக்கிப் புடிச்சிக்கினு இருக்கீங்க? வுட்டாதான போவும்."

"திரும்பி வரலன்னா?"

"நாங்க பண்ணதுதான மிஸ், வரும்."

கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கிணற்றின் அடியில் ஓர் ஆமை நடந்துபோவதைத் திரையில் பார்த்தோம். அந்த வயதில் எனக்கு இந்தத் தைரியம் இருந்ததில்லை.

பாப்பாவின் பழைய கவுன் ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள், அவள் வாசம் அதில் இருக்கட்டும். அவளை வாசற்படி இறங்க விடாதீர்கள் என்று போனில் தினமும் கத்துகிறேனே, இனி இறங்கட்டும். நீங்கள் பக்கத்தில் மட்டும் நில்லுங்கள்.

விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும், நிறுத்துகிறேன்.

உமையாள்