மூன்றாவது எண்

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பதினொரு மணிக்குள் கொட்டகைத் தகரம் சுடத் தொடங்கிவிட்டது. வாங்க வேண்டியவை: பஞ்சு, காய்ச்சி வடித்த நீர் 2 கேன், எலிப்பொறி.

நான் வாங்கிப் பழுதுபார்க்கும் இரண்டாம் உலகப் போர்க்கால உயிர்காப்பு மிதவைகளில் இது நான்காவது. முட்டை வடிவில் வளைத்த செம்புக் குழாய், அதன்மேல் தக்கை, அதன்மேல் கித்தான். நடுவில் கயிற்றில் தொங்கும் மரச்சட்டத் தளம். கப்பல் மூழ்கும்போது மாலுமிகள் தொற்றிக்கொள்ள. சதுரங்கப்பட்டினம் பக்கம் கரை ஒதுங்கியதை, ஏரியில் மதகு வேலைக்கு ஆகும் என்று இலியாஸ் பாயின் தாத்தா வாங்கி வந்தாராம். கனம் அதிகம். ஒருநாளும் ஏரியில் இறக்கவில்லை. அன்றிலிருந்து இந்த அரிசி மில் கொட்டகையில்தான். கொட்டகையை எனக்கு வாடகைக்கு விட்டதும் பாய்தான்.

பாய் இன்றும்: "ஊர்ல எல்லாரும் மனை வாங்கிப் போடறாங்க மேடம். நீங்க இன்னாடான்னா முங்கிப்போன கப்பலுக்குத் தெப்பம் வாங்கி அடுக்கிக்கினு கீறீங்க."

மதியம் ஒருவர் வந்தார். தாமோதரன், காஞ்சிபுரம், தறி வேலை செய்தவர், வயது எண்பத்து மூன்று. தனியாக, பஸ்ஸில். பாய் மில்லுக்கு வந்த யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். அவர் அப்பா கடற்படையில் கொதிகலன் வேலை. இவர் வயிற்றில் இருந்தபோது போனவர். 'காணவில்லை' என்று ஒரு தாள் வந்தது. அதில் கப்பலின் எண். உடலும் வரவில்லை, அதன்பின் தகவலும் வரவில்லை. அவர் அம்மா கடைசிவரை பொட்டை எடுக்கவில்லை.

"தெப்பத்துல ஏறிப் பொயச்சிருப்பாரு, எங்கியாவது கீறாருன்னே சொல்லிக்கினு இருந்துச்சி எங்கம்மா. ஏறுனாரா இல்லியா, அது தெரிஞ்சா போதும்மா எனக்கு."

கித்தானும் தக்கையும் பெயர்ந்த இடத்தில், செம்பின் பச்சைக் களிம்பில் கப்பல் எண்ணின் தடம். மூன்று இலக்கம். முதல் இரண்டும் அவர் தாளோடு ஒத்துப்போகின்றன. மூன்றாவது மங்கல். சாய்ந்த வெளிச்சத்தில் படிக்கலாம். இதை அவரிடம் சொல்லவில்லை. ஆசை காட்டக் கூடாது. இருபதாம் தேதி வரச் சொன்னேன்.

ஆகஸ்ட் 13, புதன்

மின்வெட்டு, மூன்று மணி நேரம். தக்கையில் பூச்சி இல்லை. நிம்மதி.

எண்ணைப் படம் எடுக்கவில்லை. நல்ல விளக்கு செங்கல்பட்டு வீட்டில். ஃபோனில் எடுக்கலாம், அரைகுறைப் படம் எடுப்பதில்லை என்பது என் வழக்கம். சனிக்கிழமை விளக்கோடு வருகிறேன்.

கொட்டகை பெருக்கும் கஸ்தூரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு: "நடுவுல வெறும் சட்டம்தான் கீது. இதுல சாமிய ஏத்துனா சாமி காலு நனையும் மேடம்." பெரியவர் எதற்கு வந்தார் என்று கேட்டாள். சொன்னேன். மறுபடி எப்போது வருவார் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

எண் இல்லை.

நேற்று ஆடி கடைசி வெள்ளி. வீட்டுக் குத்துவிளக்கு, செம்பு, தட்டு எல்லாவற்றையும் தேய்த்த கையோடு, கஸ்தூரி இங்கே வந்து மிதவையின் செம்பையும் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்திருக்கிறாள். குழாய் தங்கம் போல மின்னுகிறது. நடுவில் மஞ்சள், குங்குமம்.

"பெரியவரு அவுங்க அப்பாவப் பாக்க வர மாரி வராரு. பச்ச பூத்துப்போய் கீது, அப்டியே வுடறதா?"

எண்ணைப் பற்றிச் சொன்னேன். முகம் செத்துப்போயிற்று. "அயுக்குன்னு நெனச்சன் மேடம்."

திட்டவில்லை. புளி என்ன செய்யும் என்பது வேதியியல் படித்த எனக்குத் தெரியும்; களிம்பில் எண் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அத்தனை நாளும் ஃபோன் என் பையில்தான் இருந்தது. கொண்டுவந்த விளக்கை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

மதியம் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

மாலை மழை. தகரத்தில் இரைச்சல்.

பாயின் மில் ஆட்களை வைத்து மிதவையைச் சாய்த்தோம். அடியில் சிப்பிகள் ஒட்டிய தடம், நெருக்கமாக. மாதக்கணக்கில் கடலில் இருந்திருக்கிறது.

தளத்தின் சட்டத்துக்கு அடியில் செம்புத் தண்ணீர்க் குடுவை ஒன்று, தார்க்கயிற்றால் கட்டப்பட்டு. முடிச்சை யாரும் தொட்டதில்லை. வாயில் ஈய முத்திரை, உடையாமல். கையால் அசைத்தேன். உள்ளே தண்ணீர்.

யாராவது ஏறியிருந்தால் முதலில் அவிழ்ப்பது இதைத்தான். வேறு விளக்கங்கள் தேடினேன்: காயம், மயக்கம், ஏறிய உடனே பெரிய அலை. எனக்கு என்ன வேண்டுமோ அதைத் தேடுகிறேன் என்று தெரிந்தது. நிறுத்தினேன்.

பாய்: "பெரியவர்கிட்ட சொல்லித்தான் ஆவணுமா மேடம்? வயசான மனுசன்."



ஆகஸ்ட் 20, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

பத்தே காலுக்கு வந்தார். சலவை வேட்டி. கையில் அந்தத் தாள், பிளாஸ்டிக் உறையில். கஸ்தூரி உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றாள்.

முதலில் எண். இரண்டு இலக்கம் பார்த்தேன், மூன்றாவதைப் படிக்கும் முன் அழிந்துவிட்டது, படம் எடுக்காதது என் தவறு என்றேன். செம்பைப் பார்த்து, "கல்யாண அண்டா மாரி கீது" என்றார். கோபம் இல்லை.

"ரெண்டு நம்பரு ஒத்துப்போச்சில்ல? எங்கம்மாவுக்கு அதுகூட கெடைக்கலியேம்மா."

மூன்றாவது எதுவாகவும் இருக்கலாம், உங்கள் அப்பாவின் கப்பலாக இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்புதான் என்றேன். தலையாட்டினார். பிறகு, "ஏறுனாங்களா?"

குடுவையை அசைத்தேன். குனிந்து காதை வைத்தார். இன்னொரு முறை அசைக்கச் சொன்னார்.

"தண்ணியா?"

"கப்பலில் நிரப்பிய தண்ணீர். முத்திரை அப்படியே இருக்கிறது."

"யாரும் குடிக்கல."

"இல்லை. இதில் யாரும் ஏறவில்லை."

பக்கத்தில் மில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குடுவையின்மேல் கை வைத்தபடியே நின்றார். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்காரவில்லை.

"நாளு தெரியலன்னா சேதி காதுல வியுந்த நாளையே திதியா வெச்சிக்கலாம்னு எங்க ஐயரு சொல்லிக்கினே இருந்தாரு. சேதி எங்க வந்துச்சின்னு எங்கம்மா திதி குடுக்க வுடவே இல்ல." கதவுப் பக்கம் திரும்பினார். "இன்னிக்கி இன்னா திதி பாரும்மா."

கஸ்தூரி சுவர்க் காலண்டரில் விரல் வைத்துப் படித்தாள். "தேய்பிறை துவாதசிங்க."

தாளை உறையிலிருந்து எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார். இது உங்கள் அப்பாவின் கப்பல்தான் என்று நிரூபணமாகவில்லை என இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை நீட்டினார். பென்சிலைக் கொடுத்தேன்.