வரலாற்றுத் தாளும் பாத்ரூம் சுவரும்

மே 12, திங்கள்

காலையிலேயே அனல். அவருக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். எனக்கு வியாழன் பரீட்சை. எம்.ஏ. வரலாறு, அஞ்சல்வழி, மிச்சமிருக்கும் ஒரே தாள், மூன்றாவது முயற்சி. பாஸானால் ஜூனில் ஸ்கூல் வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் "இன்னுமா படிக்கிறீங்க ஆன்ட்டி?"

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டன் அரசின் சீர்திருத்தங்கள் மண்டையில் நிற்பேனா என்கின்றன. வீடு முழுக்கச் சீட்டு ஒட்டினேன்.

அடுப்புக்கு மேல்: நிலக்கரி அரசுடைமை.
மாத்திரை டப்பா: எல்லோருக்கும் இலவச வைத்தியம்.
வாசல் கதவு: இடிந்த வீடுகளுக்குப் பதில் புது வீடுகள். அரசே கட்டும். வாடகை குறைவு.

துவரம்பருப்பு தீர்ந்தது.

மே 13, செவ்வாய்

இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் கதவில் எது ஒட்டினாலும் குவார்ட்டர்ஸ் நோட்டீஸ்தான். மறந்து தொலைத்தேன். ஷிப்ட் பஸ்ஸில் அவரிடம் ஆறு பேர்: "எந்த பிளாக்க மொதல்ல இடிக்கிறாங்க?" மனுஷன் "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்றாராம்!

மாலை பக்கத்து வீட்டில் தொம் தொம். எட்டிப் பார்த்தால் ராஜேந்திரன் சார், கையில் கடப்பாரை. பாத்ரூம் சுவர் பாதி தரையில்.

"இடிஞ்ச வீட்டுக்குத்தான மேடம் புது வீடு? நம்மளுது வெறும் விரிசல். அதான்."

லண்டன் என்றேன். போர், குண்டு என்றேன். கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தார்.

"உங்க லண்டன நம்பி என் செவுரு போச்சே மேடம்."

உள்ளே வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பாவம்தான்.

மே 14, புதன்

ஆறு மணியிலிருந்து ராஜேந்திரன் சார் குடும்பம் நான்கு பேரும் நம் பாத்ரூமுக்கு க்யூ. வாளிச் சத்தத்தில் படிப்பு. சாரின் மனைவி, தோளில் துண்டோடு: "அந்த ஊர்ல வீட்டுக்கு எத்தன டாய்லெட்?" புரட்டிப் பார்த்தேன். பெரிய வீடென்றால் மாடியில் ஒன்று, கீழே ஒன்று. "குடுத்து வச்சவங்க."

பத்து மணிக்குச் செல்வி, பாத்திரம் தேய்க்க. பக்கத்துக் கிராமம், வளையமாதேவிக்காரி. அவள் கூலிக்குப் போன வயலைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். புருஷன் இப்போது சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள், குவார்ட்டர்ஸ் கிடையாது. கதவுச் சங்கதி அவள் காதுக்கும் போயிருக்கிறது. தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கும் வூடு குட்தாங்களா அந்த ஊர்ல?"

புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. "குடுத்தாங்க" என்றேன்.

"பரவால்லியே" என்று அடுத்த குண்டானை எடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மே 15, வியாழன்

பரீட்சை. ஃபேன் ஓடவில்லை. வந்த கேள்வி வீட்டுவசதியேதான், பதினைந்து மார்க்! டாய்லெட் உட்பட நான்கு பக்கம். கடைசி வரி கை பாட்டுக்கு எழுதியது: ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் வீடு தரப்பட்டது.

திருத்துகிறவர் சிவப்பு மையில் சுழிப்பார். மூன்றாவது முயற்சி. பெல்லுக்கு இரண்டு நிமிடம் இருந்தது, பேனாவும் கையில்தான். அந்த வரியை அடிக்கவில்லை.