பூசைத்தட்டில் சிவப்பு மூடி

புரட்டாசி, வெள்ளி இரவு.

இருந்தது நாலே பேர்: நான், என் வீட்டுக்காரர், டிரைவர் முருகேசன், எலக்ட்ரீசியன் செல்வம்.

எங்க பட்டாசு லாரி அடிக்கடி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடுகிறது. பேட்டரிப் பெட்டியைத் திறக்காமல் இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்க, பாடிக்குக் கீழே வெளிப்பக்கமாக இரண்டு டெர்மினல், ஒயர் மாட்டும் முனைகள், வைத்தார்கள். "அக்கா, இந்தச் சிவப்பு மூடி எப்பவும் மாட்டியே இருக்கணும். இரும்பு பட்டா பொறி பறந்துரும்" என்றான் செல்வம்.

வண்டியில் புதுசாக எது மாட்டினாலும் பொட்டு வைக்காமல் நான் அனுப்புவதில்லை. மூடியைக் கழற்றிச் சந்தனம், குங்குமம் வைத்தேன்.

"ஏ தாயி, பொட்டோட விடுறியா, பட்டும் உடுத்தித்தான் அனுப்புவியா?" என்றார் என் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தோம். வண்டி விஸ்வநத்தம் குடோனுக்குப் போய் லோடு ஏற்றிக் கிளம்பிவிட்டது.

விளக்கைக் குளிர வைக்கும்போது பார்க்கிறேன், அந்த மூடி பூசைத்தட்டில் கிடக்கிறது.

லோடு கட்டும் சங்கிலி அந்த டெர்மினலுக்கு நேர் மேலேதான் தொங்கும். பட்டாசு ஏற்றினால் முருகேசன் போனை அணைத்துவிடுவார். இவுக மூடியை எடுத்துக்கொண்டு பைக்கில் பின்னாலேயே போயிருக்காக. இவுககிட்ட இருந்து இன்னும் போன் இல்லை.

இருக்கன்குடி ஆத்தா, நான் வைத்தது உனக்கான பொட்டு. சீக்கிரம் ஒரு பதில் சொல்லு.