நாய்க்கு வைத்த பெயர்

அம்மா,

காலையில் நாயின் காதுமடலில் உண்ணி எடுத்துவிட்டு வேப்பெண்ணெய் தடவினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை விரலை விட்டுப் போகவில்லை. நீ இருந்தபோது வீடு முழுக்க இந்த வாடைதான். பின்வாசல் படியில் உட்கார்ந்து, நாயை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, எண்ணெய் தடவத் தடவத் திட்டுவாய்.

"ஏலே துரை, சோறு போட்ட வீட்டுலயே குழி பறிக்கியால? நன்றி கெட்ட பயலே!"

நாய் குழி பறித்தது மல்லிகைச் செடிக்குக் கீழே. நீ திட்டியது பனவடலிசத்திரத்தில் இருக்கும் உன் தம்பியை.

துரை மாமாவின் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்னவள் நான். "எனக்குத்தான் இஷ்டமில்ல" என்று பழியை நீ வாங்கிக்கொண்டாய். மாமா என் கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பிறகு நம் வாசலை மிதிக்கவும் இல்லை. அந்த வருஷம்தான் தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து அவர் பெயரை வைத்தாய். நானும் சிரித்தேன். "ஒன் தம்பி செருப்பத் தூக்கிட்டு ஓடுதாரும்மா" என்று கத்திக்கொண்டு அதன் பின்னால் ஓடியிருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நீ போன அன்று மாமா கோடிச் சேலையோடு வந்தார். யார் வாயிலாவது அந்தப் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில், நாயைப் பின்பக்கம் கட்டிப் போட்டிருந்தேன். சேலையை உன்மேல் போர்த்திவிட்டு, யாரோடும் பேசாமல் போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து, வருஷத்து ஊசிக்காக நாயை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சீட்டு எழுதிய பெண் நாயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். மருந்து வாடை பட்டதும் நாய் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டது. நான் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தேன்.

"துரை! துரை யாரு?"

எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒருவர், கால் வீங்கிய ஆட்டுக்குட்டியை அணைத்தபடி எழுந்தார். மாமா.

"அண்ணாச்சி, நீங்க இரிங்க. நாயத்தான் கூப்பிடுதேன். அது பேருதான் துரை" என்றாள் அந்தப் பெண். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

மாமா நாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எக்கா வளத்ததா?"

"ஆமா மாமா."

"பேரு?"

"அம்மாதான் வச்சா."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"தெனமும் கூப்பிட்டிருப்பாளாட்டி?"

"தெனமும்தான் மாமா."

அது பொய்யில்லை. எப்படிக் கூப்பிட்டாய் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். "எங்க எக்கா என்னைய மறக்கல பாத்தீயளா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஊசி போடும்போது நாயின் வாயை அவரே பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து சந்தைக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருகிறார். நாய்க்கு ரொட்டி வாங்கி வருவார். பந்தைத் தூக்கிப் போட்டு, தன் பெயரைத் தானே கூப்பிட்டு விளையாடுவார். ஒருநாள் அப்படி விளையாடிக்கொண்டே கேட்டார்:

"கடைசியில எக்கா ஏதும் சொன்னாளாட்டி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அம்மா. கையும் காலும் விழுந்து நீ கிடந்த நாட்களில், உன் வாயில் தெளிவாக வந்தது ஒன்றுதான். "துரைய வரச் சொல்லு." நான் நாயைக் கூட்டி வந்தேன். அது கட்டிலில் தாடையை வைத்துப் படுத்தது. உன் கை அதன் தலைமேல் இருந்தது. கண் வாசலைப் பார்த்தது. மறுபடியும் அதையே சொன்னாய். "இந்தா இருக்குல்லாம்மா" என்று நாயை இன்னும் நெருக்கிவிட்டேன். பார்க்க வந்தவர்களிடம், உனக்குக் கடைசிவரை நாய் நினைப்புதான் என்று பெருமையாக வேறு சொன்னேன். நாயைக் கூட்டிட்டு வா என்றுதானே சொல்வார்கள்? வரச் சொல்லு என்று யாராவது சொல்வார்களா?

மாமாவிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீ திட்டியதையும் நான் சிரித்ததையும் சேர்த்து. அவர் பந்தைக் கைக்குள் வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு போன் போட்டிருக்கலாம்லாட்டி" என்றார். பிறகு நாயின் தலையைத் தடவினார். "என் பேருல ஒருத்தனாவது அவ பக்கத்துல நின்னானே."

காப்பி ஆறிப்போய் அப்படியே இருக்க, எழுந்து போய்விட்டார். அடுத்த சந்தைக்கு வந்தார். ரொட்டியும் வாங்கி வந்தார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவர் ஒருமுறை என்னை நன்றாகத் திட்டியிருந்தால் அவர் முகத்தை நேராகப் பார்க்கவாவது முடிந்திருக்கும்.

நாய் தெருவில் ஓடினால் இப்போதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. எந்தத் துரைம்மா என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாமா பனவடலிசத்திரத்தில் பஸ் ஏறியிருந்தால், உன் கண் வாசலில் இருக்கும்போதே வந்து சேர்ந்திருப்பார்.